துத்தம் வெளுக்கும் நேரம்

ராகு காலம் பிறந்துவிட்டது, எலுமிச்சை மூடியில் விளக்குப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன், அதுவரைக்கும் பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சம்பந்தியம்மாள் சகுந்தலா படியிறங்கிப் போனாள். அவளுடைய செருப்புச் சத்தம் தரைக்குப் போய்ச் சேர்ந்து, கேட் கிறீச்சிட்டு, தெரு அவளை விழுங்கிக்கொண்ட பிறகுதான் மாசிலாமணி சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை வெளியே எடுத்தார். காலையில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய மயில்துத்தம், செம்பும் கந்தகமும் சேர்ந்த விஷ உப்பு. உடைந்த நீலக் கண்ணாடி போல, மயில் கழுத்து போல, ஒரு குற்றமும் அறியாத நிறத்தில் அது காகிதத்தில் மினுங்கியது. பூஜை அலமாரியிலிருந்து போன கார்த்திகைக்கு ஏற்றிய அகல் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதைத் தொட்டதும் விரலில் பழைய எண்ணெய் பிசுபிசுத்தது. கற்பூரமும் சிக்கெடுத்த நெய்யும் வாடிய துளசியும் கலந்த அந்த அலமாரி வாடை இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் சோற்றில், தலையணையில், குளிக்கிற துண்டில் ஏறிப்போயிருக்கிறது. அலமாரியின் மேல்தட்டில், பித்தளைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், நாலாக மடித்த மஞ்சள் காகிதத்தில், நோய் தீர்க்கிற சாமியார் என்று பெயரெடுத்த நீலச்சாமி கொடுத்தனுப்பிய திருநீறு இருந்தது. ராகு காலம் முடிந்ததும் அதைத் தண்ணீரில் குழைத்துப் பேத்திக்குக் கொடுக்கப் போகிறார்கள். போன செவ்வாய் கொடுத்ததற்குப் பிள்ளை சாயங்காலம் முழுக்க வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்ததாம். நோய் இறங்குகிறது என்று சாமி போனில் சொன்னானாம். இன்றைக்கு இரண்டு பங்கு.

அகலை உரசித் துடைத்தார், துத்தம் முழுவதையும் அதில் கொட்டினார், அடுப்பைச் சின்ன ஜுவாலையில் வைத்தார். அவசரப்படக் கூடாது. இதை எத்தனை மேடையில் செய்திருக்கிறோம். மெல்லிய தீயில் வைத்தால் நீலம் ஓரத்திலிருந்து வெளிறத் தொடங்கும், பிறகு நடுவும் வெளுக்கும், கடைசியில் பார்ப்பதற்கு அசல் திருநீறு. அப்போது மகள் கொடியைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்ட வேண்டும், அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பேச்சு என்றால்தான் அவளுக்கு ஆகாதே. காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவளிடம், அம்மாடி, அது துத்தம்மா, பிள்ளைக்குக் கொடுக்காதே, கிட்னி போயிடும் என்றதற்கு, டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்களுக்கு எல்லாமே துத்தந்தாம்ப்பா" என்றாள். "கல்யாணத்துல தாலி, துத்தம். வளைகாப்பு, துத்தம். அம்மா செத்தப்போ ஒரு விளக்கேத்த விட்டீங்களா, அதுவும் துத்தம். வரும்போது என்ன சொல்லிட்டு வந்தீங்க? வாயைத் திறக்க மாட்டேன்னுதானே?" அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தார். மருமகன் முரளிதரன் பேருந்து நிலையத்திலேயே வண்டியை நிறுத்தி, மாமா, வீட்டுல எதுவும் வேணாம், அம்மாவுக்குப் பிரஷர் என்று கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிடுகிற சாதி. எதற்கெடுத்தாலும் கும்பிடு. சாமி கொடுத்த பொட்டலத்தை எடுத்துக் குப்பையில் போட்டுவிடலாம். ஆனால் நீலச்சாமி இதே ஊரில்தான் இருக்கிறான், கேட்ட மாத்திரத்தில் இன்னொரு பொட்டலம் தருவான், கிழவனை மட்டும் சாயங்காலப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள், அதற்கப்புறம் அந்தப் பிள்ளை பக்கத்தில் யார் இருப்பது. அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. பிள்ளையின் கால் ஒன்று தெரிந்தது, கணுக்காலில் மந்திரித்த கறுப்புக் கயிறு. வலிப்பு வருகிற பிள்ளை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கிறது என்று அதைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திருநீற்றுக்கு மாறியிருக்கிறார்கள். பக்கத்தில் படுத்திருக்கிறாளே அவள் பட்டம் வாங்கியவள், அறிவுக்கொடி என்று ஊர் கூடிப் பெயர் வைக்கப்பட்டவள், இந்த வீட்டில் எல்லாரும் லட்சுமி என்று கூப்பிட்டால் ஏன் என்று திரும்புகிறவள்.

அகலில் படபடவென்று வெடித்தது. எவர்சில்வர் மூடியை மேலே பிடித்தார். அதன் உட்புறம் பூத்த மாதிரி வியர்த்து, சொட்டுச் சொட்டாகக் கூடி வழிந்தது. இதோ தண்ணீர். உலர்ந்த கல்லுக்குள்ளே ஒளிந்திருந்த தண்ணீர். படிக நீர் என்று போட்டிருந்தது அந்தச் சிறுவெளியீட்டில், அட்டை கிழிந்த நாலணாப் புத்தகம், பொதுக்கூட்டத்தில் சாக்கை விரித்து விற்றது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோன மாசிலாமணிக்கு ரசாயனம், சரித்திரம், வானநூல் எல்லாமே அப்படிச் சாக்கின் மேல்தான் கிடைத்தன. பஞ்சு மில் வாசலில் ஷிப்டு மாறுகிற இடைவெளியில் எழுத்துக் கூட்டிப் படித்தது. துத்தத்துக்கு நீலம் தன் சொந்த நிறம் அல்ல, உள்ளே உட்கார்ந்திருக்கிற தண்ணீர் கொடுக்கிற நிறம், சூடாக்கினால் தண்ணீர் போகும், கூடவே நிறமும் போகும் என்று படித்த அன்றைக்கு இரவெல்லாம் அவருக்குத் தூக்கம் வரவில்லை. எவ்வளவு பெரிய உண்மை, எவ்வளவு மலிவான விலை. அதையே மேடையில் வளர்த்தார். தோழர்களே, மனிதனும் இப்படித்தான், அவனுக்குள் ஊறிப்போயிருக்கிற மூடத்தனத்தைப் போராட்டம் என்கிற நெருப்பில் வைத்தால் ஆவியாகும் என்று முழங்கினார். பிறகு ஒரு கரண்டித் தண்ணீர் பட்டால் அதே துத்தம் மறுபடி நீலமாகும் என்பதையும் அதே மேடையில்தான் செய்து காட்டினார், ஆனால் அதிலிருந்து மனிதனைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லையே. அந்தத் தண்ணீரை ஊற்றுவது கொடியின் வேலை. ஆறு வயது, இரட்டைச் சடை, பெட்டி மேல் நிறுத்தினால்தான் மைக் எட்டும். "ஐயா, அம்மா, இதில் அருளும் இல்லை, மாயமும் இல்லை. அடுப்புத்தான் இருக்கிறது" என்று அவர் எழுதிக் கொடுத்ததைக் கணீரென்று சொல்லி, இடது உள்ளங்கையில் ஏந்திய வெள்ளைப் பொடி மேல் ஊற்றுவாள். பொடி சீறும், நீலம் பாயும், கூட்டம் கைதட்டும். கீழே இறங்கியதும் ஓடிவந்து, அப்பா, கைல சுடுதுப்பா என்று உள்ளங்கையைக் காட்டுவாள். போன தண்ணீர் திரும்பி வரும்போது சூட்டோடு வரும் கண்ணு, அடுப்பு கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் என்று ஊதிவிடுவார். ஓர் ஊரில் கல் வந்து விழுந்தது. அவருக்கு எறிந்தது அவள் நெற்றி உச்சியில் பட்டது. ரத்தத்தோடு அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பார்த்தாயா நாட்டை என்று அரைமணி நேரம் பேசினார். அருமையான பேச்சு. அந்தத் தழும்பின் மேல்தான் இப்போது வகிட்டுக் குங்குமம் வைத்துக்கொள்கிறாள்.

ஓரம் வெளுத்துவிட்டது. நடுவில் இன்னும் பச்சை கலந்த வெளிர்நீலம், பழைய புண்ணில் சீழ் கட்டின நிறம். கிளறினார். அருவருப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, அது இப்போது எல்லாவற்றிலும் இருக்கிறது, காலையில் பாலில் படிந்த ஆடையில், குளியலறைச் சோப்பில் ஒட்டியிருந்த யாருடையதோ ஒற்றை மயிரில், தன் பல்செட்டைக் கழற்றி வைக்கிற டம்ளரில். செல்லக்கண்ணு செத்ததற்குப் போயிருந்தாரே, அவரோடு தோளில் கை போட்டுக்கொண்டு சிறைக்குப் போனவன், கறுப்புச் சட்டை தவிர வேறு போடாதவன், அவன் பிணத்தின் நெற்றியில் மூன்று பட்டை. பிள்ளைகள் போட்டிருந்தார்கள். எண்ணெய்ச் சொட்டு வழிந்து பட்டையைக் கரைத்து மூக்கோரம் இறங்கியது, யாரும் துடைக்கவில்லை. இன்னொருத்தன் இருக்கிறான், நாலு விரலுக்கும் நாலு கல் மோதிரம், கேட்டால் ரத்த ஓட்டத்துக்கு நல்லது தோழர் என்கிறான். தோழராம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீலச்சாமி வீட்டில் பார்த்ததற்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. காரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூட்டிப் போனார்கள், வாயைத் திறக்காத ஆளாக. குளிர்பதன அறை, தரையெல்லாம் காலடி ஈரம், சோபாவில் சம்மணமிட்டு அவன், கால் நகத்தில் மஞ்சள் பாரித்து விரலை விட்டு நீண்டு வளைந்திருந்தது. அந்தக் காலைத் தொட்டுத்தான் வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி, மேலே செம்பிலிருந்து ஒரு சொட்டு, கையிலேயே நீலம் பூத்தது. சுடுது, சுடுது, அருள் சுடுது என்று ஒரு பெண்பிள்ளை குலுங்கிக் குலுங்கி அழுதாள். மாசிலாமணிக்கு முதல் கணம் வந்தது கோபம் அல்ல. அதை நினைத்தால்தான் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது. தொழில் தெரிந்தவன் இன்னொரு தொழில்காரனைப் பார்க்கிற பார்வைதான் முதலில் வந்தது. சொட்டை எவ்வளவு அளந்து விடுகிறான், சாம்பலோடு எவ்வளவு பக்குவமாகக் கலந்திருக்கிறான், வறுப்பு எவ்வளவு சுத்தம் என்று. தான் செய்தபோது கைதட்டினார்கள், எழுந்து வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள். இவன் செய்யும்போது அழுகிறார்கள். அத்தனை ஊரில், அத்தனை மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், அவருக்காக ஒருத்தரும் அழுததில்லை. வரிசையில் கொடியின் முறை வந்தபோது அவள் கையை நீட்டவில்லை, முந்தானையை விரித்துப் பிள்ளைக்கான பொட்டலத்தை அதில் வாங்கிக்கொண்டாள். ஏன் கையை நீட்டவில்லை. பயமா. இல்லை, கை சுட்டால் தெரிந்துவிடும் என்றா. தெரிந்துவிட்டால் அப்புறம் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது என்றா.

கீழே கேட் கிறீச்சிட்டது. சம்பந்தியம்மாளா, இவ்வளவு சீக்கிரமா. ஜுவாலையைச் சட்டென்று முழுக்கத் திறந்தார். நடுவில் மட்டும்தான் பாக்கி, இன்னும் கொஞ்சம், வெளுத்துவிட்டால் போதும். அவள் வந்தால் வரட்டும், அவள் முன்னாலேயே செய்து காட்டலாம், அம்மா, உட்காருங்கள், இந்த வெள்ளைப் பொடி என்னவென்று சொல்லுங்கள், திருநீறா, சரி, திருநீறு என்றே வைத்துக்கொள்வோம், இப்போது இந்த நாத்திகன் கையால் ஒரு சொட்டு. பேச்சைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும் அங்கே. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அருள் உங்கள் சாமியிடம் மட்டும்தான் இருக்கிறது என்றால் இதோ என் கையில் எப்படி வந்தது, நானும் சாமியா, அப்படியென்றால் என் காலையும் கொஞ்சம் தொடுங்கள். சிரிப்பார்கள். சிரித்த கூட்டம் பாதி வென்ற கூட்டம். நோய்க்குக் காரணம் மூளையில் ஓடுகிற மின்சாரம், அதற்கு மருந்து இருக்கிறது, அந்த மருந்தைக் கண்டுபிடித்தவன் எந்தக் குகையிலும் தவம் இருக்கவில்லை, அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு இரவெல்லாம் எலியோடு உட்கார்ந்திருந்தான், அவனுக்கு நீங்கள் ஒரு கற்பூரமாவது காட்டியதுண்டா என்று கேட்க வேண்டும். குரல் தன்னையறியாமல் வெளியே வந்திருக்க வேண்டும், கை காற்றில் உயர்ந்திருந்தது. வந்தது பேப்பர்காரன், பழைய பேப்பர் என்று கத்திவிட்டுப் போய்விட்டான். தொண்டையில் ஏதோ குத்தியது. கந்தகம் எரிந்த காரம் கண்ணைக் கரித்தது. குனிந்து பார்த்தார். அகலில் வெள்ளை இல்லை, நீலமும் இல்லை. பழுப்பாகி, ஓரமெல்லாம் கறுத்து, கரிக்கட்டை பொடித்த மாதிரி கிடந்தது.

"என்னப்பா நாத்தம்?" கொடி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றாள். தூக்கக் கலக்கம் இல்லாத கண், தூங்கவே இல்லை. அவர் அவசரத்தில் ஒரு சொட்டு விடுவதற்குப் பதிலாகத் தண்ணீரை டம்ளரோடு சாய்த்துவிட்டார். சீறியது, அகல் பட்டென்று இரண்டாகப் பிளந்தது, கருஞ்சேறு அடுப்பு மேல் வழிந்தது. எங்கேயும் நீலம் இல்லை. இல்லை, பாரு, ஓரத்தில் கொஞ்சம், என்று விரலால் கிளறினார். சாக்கடை கிளறுகிற மாதிரி இருந்தது.

"அத்தையோட கார்த்திகை விளக்கு" என்றாள்.

"தீ கூடிப்போச்சும்மா. கூடினா நீரு மட்டும் போறதில்ல, துத்தமே செத்துப்போயிடும். அப்புறம் எவ்வளவு தண்ணி விட்டாலும்..."

"எப்பவும் உங்களுக்குத் தீ கூடித்தாம்ப்பா போகும்." கோபமாகச் சொல்லவில்லை. கரித்துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தாள், உடைந்த அகலைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக்கூடையின் அடியில் தள்ளினாள், சன்னலைத் திறந்துவிட்டாள். அவர் கையிலிருந்த கறுப்பைக்கூட ஒரு பிள்ளைக்குத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டாள். அந்தப் பரிவுதான் சகிக்க முடியாததாக இருந்தது. திட்டியிருக்கலாம். ஒரு பொட்டலம் முழுக்கத் தீர்ந்துவிட்டது, கடை மெயின் ரோட்டில், ராகு காலம் முடியப் போகிறது. இனி இந்த வீட்டில் உள்ள ஒரே வெள்ளைத் துத்தம் பூஜை அலமாரியில் இருக்கிறது.

சகுந்தலா வந்துவிட்டாள். வந்ததும் மூக்கை உறிஞ்சி, என்ன லட்சுமி, கேஸ் லீக்கா என்றாள். பால் பொங்கிடுச்சு அத்தை என்றாள் கொடி. பிள்ளையை எழுப்பிக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அரைத் தூக்கத்தில் அது தாத்தாவைப் பார்த்துச் சிரித்தது, மஞ்சள் காகிதத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, வேணாம்மா, வயிறு வலிக்கும் என்றது. நோய்தான் அப்படிப் பேசுதுடி தங்கம், நீ இல்ல என்றாள் சகுந்தலா. பித்தளைக் கிண்ணத்தைக் கொடி பிடித்துக்கொண்டாள். சகுந்தலா பாதிப் பொடியைத் தட்டி, தீர்த்தப் பாட்டிலிலிருந்து ஒரு மூடி ஊற்றினாள். நீலம் ஓடிப் பரவியது. "பாத்தீங்களா சம்பந்தி" என்றாள், வெற்றியை மறைக்கவில்லை. மாசிலாமணி நீலத்தைப் பார்க்கவில்லை. மகளின் விரலைப் பார்த்தார். கிண்ணத்தின் அடியில் இருந்த விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி, நுனிக்கு நழுவி, விளிம்பைப் பிடித்தன. பெட்டி மேல் நின்ற பெண்ணுக்குத் தெரிந்த சூடு அது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. சுவர் மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவர் வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். "எனக்குக் கொஞ்சம் கொடுங்க" என்றார். தன் குரல் தனக்கே கூச்சமாக இருந்தது, பிச்சைக்காரன் குரல். எழுபது வருசத்தில் எந்தக் கோயில் வாசலிலும் குழியாத கை. சகுந்தலா வாயில் கை வைத்துக்கொண்டாள். கொடியின் முகம் உடைந்தது, கண் நிறைந்துவிட்டது, "அப்பா" என்றாள், அதில் என்ன இருந்தது, சந்தோஷமா, வேண்டாம் என்றா. சந்தோஷம் என்றால் அதைவிடக் கேவலம் வேறில்லை. இந்தக் கையைப் பார்க்கத்தான் இத்தனை காலம் காத்திருந்தாளா. சகுந்தலா கிண்ணத்தைச் சாய்த்துத் தாராளமாகவே ஊற்றினாள். உள்ளங்கை சுட்டது. வாயில் விட்டுக்கொண்டார். ஆணியை நக்கின மாதிரி, பழைய செப்புக்காசைச் சப்பின மாதிரி, நாக்கு சுருங்கி ஒட்டிக்கொண்டது. விழுங்கினார். தலையில் கொஞ்சம் துடைச்சுக்கங்க சம்பந்தி என்றாள், அதையும் செய்தார். பிறகு காத்திருந்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பார்த்துக்கொண்டு, வா வா என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டு. தன் சொல்லை நம்பாதவர்கள் தன் குடலையாவது நம்பட்டும். நோய் இல்லாதவனுக்கு எது இறங்கும், சொல்லட்டும். அப்புறம்தான் உறைத்தது, சொல்லிவிடுவார்கள். அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள், எதற்குத்தான் அவர்களிடம் பதில் இல்லை. சரி, குடித்தாயிற்று. எச்சில் ஊறியது, ஊறிக்கொண்டே இருந்தது, நெற்றியில் குளிர்ந்த வேர்வை, அடிவயிற்றிலிருந்து ஒரு கை முறுக்கிக்கொண்டு மேலே ஏறியது. எழுந்து சமையலறைத் தொட்டிவரை போய்ச் சேர்ந்தார். முதலில் மத்தியானச் சோறு, பிறகு வெறும் பச்சை நீலத் தண்ணீர், பல்செட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது, அதன் மேலேயே மறுபடியும். பின்னால் சகுந்தலாவின் குரல், அமைதியாக, உண்மையான பரிவோடு: "வரட்டும், வரட்டும். நாப்பது வருசத்து அழுக்கு. எறங்கட்டும்."

முதுகில் ஒரு கை தடவியது. கொடி பக்கத்தில் நின்றாள், கிண்ணம் ஒரு கையில், மிச்சப் பொட்டலம் அதே கையில் மடங்கி. தொட்டியைப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து தொங்கிய நீல எச்சிலைப் பார்த்தாள். கண்ணீர் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. சொல்லு, என்று அவர் மனசுக்குள் இரைந்தார். பெட்டி மேல் ஏறி நின்று சொல்லு. அருளும் இல்லை, மாயமும் இல்லை. உனக்குத் தெரியும், உன் விரலுக்குத் தெரியும், ஒரே ஒரு தடவை உன் மாமியார் முன்னால் சொல்லிவிடு, எனக்கு அது போதும். அவள் குழாயைத் திறந்தாள். கிண்ணம் கையிலிருந்து சாய்ந்தது, மஞ்சள் காகிதமும் கூடவே விழுந்தது, தண்ணீர் பட்டதும் காகிதத்துக்குள்ளிருந்து நீலம் கொப்புளித்து, தொட்டி முழுக்கப் பரவி, அவருடைய பல்செட்டைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு ஓட்டைக்குள் இறங்கியது.

"ஐயையோ, என்னடி" என்றாள் சகுந்தலா.

"கிண்ணம் சுட்டுச்சு அத்தை" என்றாள் கொடி, திரும்பாமலே. "கை தவறிடுச்சு."

சகுந்தலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சுட்டுச்சா? அவ்வளவு உக்கிரம்" என்றாள், அடுத்த செவ்வாய் வேறு வாங்கிக்கலாம் என்றாள். "வேணாம் அத்தை. இவ்வளவு உக்கிரத்தைப் பிள்ளை தாங்காது. பழைய மாத்திரையே இருக்கட்டும்" என்றாள் கொடி. சகுந்தலா யோசித்தாள். அதுவும் சரிதான், பச்சைப் பிள்ளை என்றாள். கூடத்தில் பிள்ளை, தாத்தா வாந்தி எடுக்கறாங்க என்று யாருக்கோ செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

மாசிலாமணி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நியாயமாக இப்போது அவர் பேச வேண்டும். உக்கிரம் அல்ல அம்மா, அது வெறும் வறுத்த துத்தம் என்று திருத்த வேண்டும், அதற்காகத்தானே ஒரு ஆயுள் போயிற்று. வாயைத் திறந்தார். பல் இல்லாத வாய், செம்பு நாறுகிற வாய். கொடி பல்செட்டை எடுத்துக் குழாயில் காட்டி, பல் இடுக்கில் இருந்த நீலத்தை நகத்தால் சுரண்டிக் கழுவி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். குழித்து நீட்டிய அதே கையில்.

"கொப்பளிச்சுத் துப்புங்கப்பா" என்றாள் மெதுவாக. "ஒண்ணும் பேசாதீங்க."

அவர் கொப்பளித்தார். துப்பினார்.